தனி அடுப்பு எரியும் வீடுகள்

நம் வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிறந்தநாள், மணநாள், பெரியவர்களின் திதி என்று வந்தால், பக்கத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவோம். புதுக்கணக்கு போடும்போதும் புதுக் கடை திறக்கும்போதும் இரண்டு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய் என்று ஏற்றி அனுப்புவோம். நல்ல வழக்கந்தான். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. நாம் அனுப்புகிற சரக்கு எப்படிப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேருகிறது, அங்கே ஒரு பிள்ளை எப்படி வளருகிறது என்பதைப் பற்றிச் சில விஷயங்களை நம் சங்க உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

வட சென்னையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்தில் எனக்கு நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அதில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு குழந்தைகள் விடுதிக்கு (பெயர் வேண்டாம்) மாதச் சரக்கு என் கடையிலிருந்துதான் போயிற்று. நிர்வாகிகள் நாணயமானவர்கள். பாக்கி வைத்ததில்லை. எடை குறைந்தால் அன்றே ஆள் வந்துவிடும். அவர்களுடைய பட்டியலை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன். தலைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு என்று கணக்கிட்டு, தலை எண்ணிக்கையால் பெருக்கிய பட்டியல். சித்திரையிலும் அதுதான், மார்கழியிலும் அதுதான். நம் கடைகளில் வந்து நிற்கிற ஒரு வீட்டம்மாவின் சிட்டை அப்படியா இருக்கிறது? பெரியவனுக்குச் சளி, மிளகு ஐம்பது கிராம் கூடப் போடுங்கள் என்பார். சின்னவள் இட்லியைத் தொடமாட்டேன் என்கிறாள், அவல் அரைக் கிலோ கொடுங்கள் என்பார். அந்தச் சிட்டையைப் பார்த்தாலே வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன பிடிக்கும் என்று கடைக்காரருக்குத் தெரிந்துபோகும். விடுதிப் பட்டியலில் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன. ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, தலைவர்கள் பிறந்தநாள் என்றால் ஒரே நாளில் மூன்று குடும்பத்தார் வடை பாயசத்தோடு வந்துவிடுவார்கள். புதன்கிழமை யாரும் வரமாட்டார்கள். வந்தவர்கள் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று, பாட்டுப் பாடி, நன்றி சொல்லி, படமும் எடுத்துக்கொண்ட பிறகுதான் இலை போடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளை யாருக்காவது நன்றி சொல்லிவிட்டா சாப்பிடுகிறது? குழம்பு சரியில்லை என்று தாயோடு சண்டை போட்டுவிட்டல்லவா தட்டில் கை வைக்கிறது!

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் அப்படிச் சண்டை போட ஓர் அம்மா, ஒரு சமையற்கட்டு, பங்குக்கு வர அண்ணன் தங்கை என்று அமைத்துக் கொடுக்க முடியுமா? முடியும் என்று பெரிய அளவில் செய்து பார்த்த ஸ்தாபனம், எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம். அது தொடங்கியது ஆஸ்திரியா நாட்டில். இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது அனாதைகளாகிப்போன பிள்ளைகள் ஐரோப்பா எங்கும் தெருவில் திரிந்தார்கள். அப்போது இன்ஸ்புரூக் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர் ஹெர்மான் க்மைனர். 1919இல் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மூத்த அக்காள் எல்சாதான் தம்பி தங்கைகளைத் தாய்போல் இருந்து வளர்த்தார். போரில் சிப்பாயாக இருந்து திரும்பியவர், 1949இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். கைமுதல் அவருடைய சொந்தச் சேமிப்பு, 600 ஷில்லிங். இவரைப் பற்றிக் கசப்பான செய்தி ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் திட்டத்தைப் பார்ப்போம்.

டைரோல் மலைப்பகுதியில் இம்ஸ்ட் என்னும் ஊரில் முதல் வீட்டுக்கு அதே 1949 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அமைதி என்று அந்த வீட்டுக்குப் பெயர். முதல் தாயாக வந்தவர் ஹெலன் டிடில் என்னும் பெண்மணி. திட்டம் மிக எளிது. பெரிய மண்டபம் கட்டி நூறு பிள்ளைகளைப் படுக்க வைப்பதில்லை. சிறு சிறு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு தாய். அவர் அங்கேயே குடியிருப்பார். ஆணும் பெண்ணுமாக, பெரியதும் சிறியதுமாக ஏழெட்டு முதல் பத்துப் பிள்ளைகள். கூடப் பிறந்தவர்கள் வந்தால் அவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைப்பார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தது ஒரு கிராமம். பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போவார்கள்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு விஷயம் சட்டென்று புரியும். அங்கே பொதுச் சமையலறை கிடையாது. வீட்டுக்கு வீடு தனி அடுப்பு. மாதச் செலவுக்கான பணம் அந்தத் தாயின் கைக்கு வந்துவிடும். அரிசி என்ன ரகம், பருப்பு எவ்வளவு, இந்த மாதம் யாருக்குச் செருப்பு, யாருக்குப் பாவாடை என்று அவரே கணக்குப் பார்த்துக் கடைக்குப் போய் வாங்குவார். பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையனும் கூடப் போவான். விலை கேட்பது, நிறுவை பார்ப்பது, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது எல்லாம் அப்படித்தானே ஒரு பிள்ளைக்குப் படிகிறது! விடுதியில் லாரியில் வந்து இறங்குகிற மூட்டையை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, பதினெட்டு வயதில் வெளியே வந்து கால் கிலோ பருப்பு என்ன விலை என்று தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், பிள்ளை வளர்ப்பில் சில்லறைதான் சரி.

பணம் எப்படித் திரட்டினார்கள் என்பதும் நாம் கவனிக்க வேண்டியது. க்மைனர் பெரிய பணக்காரர்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. போரில் நொடித்துப்போன நாட்டில் சாதாரணக் குடும்பங்களிடம் மாதம் ஒரு ஷில்லிங் கேட்டார். ஒரு முறை பத்து ஷில்லிங் கொடுத்துவிட்டுப் போகிறவரைவிட, மாதா மாதம் ஒரு ஷில்லிங் தருகிறவரை நம்பித்தானே பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியும்? நமக்கு இது புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துத் தனிக் கணக்கில் வைத்து, அதில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர்கள் நம் தென்மாவட்ட வியாபாரிகள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி தனிக் கலயத்தில் விழும். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். அவரும் சிறு வயதில் தகப்பனாரை இழந்தவர். தாயாரும் பாட்டியும் தாய்மாமன் கடையும் இருந்ததால் வளர்ந்தவர். அவரும் மஞ்சுபாஷிணி அம்மையாரும் சேர்ந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் சென்னையில் பாலமந்திரைத் தொடங்கியதும் அதே 1949ஆம் ஆண்டில்தான்.

பிடி அரிசி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொரியப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் அனாதைப் பிள்ளைகள் ஏராளம். அங்கே ஒரு கிராமம் கட்ட க்மைனரிடம் பணம் இல்லை. ஓர் அரிசிமணியை வைத்துக்கொண்டு, இதை ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மேல்நாட்டு மக்களிடம் கேட்டார். மூட்டைக் கணக்கில் அரிசி விற்கிற நமக்கு இந்த விலையைக் கேட்டால் தலை சுற்றும்! மக்கள் வாங்கினார்கள். 1963இல் கொரியாவில் டேகு நகரில் கிராமம் எழுந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அதுதான் முதல் கிராமம்.

இந்தியாவில் இந்த வேலை 1964இல் தொடங்கியது. டில்லிக்குப் பக்கத்தில் ஃபரீதாபாத், கிரீன்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் முதல் கிராமம். இன்று நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் தாம்பரத்தில் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் கிராமங்கள் வந்தன.

சுனாமியின்போது நம் வியாபாரிகள் செய்ததை ஊரே அறியும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அரிசி, பாத்திரம், போர்வை என்று லாரி லாரியாகப் போயிற்று. பழைய துணிகள் சாலையோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்ததையும் பார்த்தோம். ஒரு மாதம், இரண்டு மாதம், பிறகு லாரிகள் நின்றுவிட்டன. பிள்ளைகளுக்கு அப்போதுதான் நாள் தொடங்கியது. அன்று மூன்று வயதாக இருந்த குழந்தை பதினெட்டு வயதைத் தொட 2019 ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து வருஷமும் யாரோ ஒருவர் தினமும் காலையில் எழுந்து தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அரசாங்கம் நாகை, கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் இல்லங்கள் திறந்தது. ஆனாலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் ஏராளமானவர்களைச் சித்தப்பன், மாமன், பாட்டி வீடுகளே அணைத்துக்கொண்டன. வலையும் படகும் போய்த் தாங்களே நொடித்து நின்ற வீடுகள் அவை.

இந்த இடத்தில் நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் எல்லாரும் அனாதைகள் அல்லர். உலகம் முழுவதிலுமே இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமை, தகப்பனின் குடி, தாயின் நோய், இவைதான் பிள்ளையை இல்லத்து வாசலில் கொண்டுவந்து விடுகின்றன. விதவைத் தாய் ஒருத்தி வீட்டு வேலை செய்து பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் விடுதியில் சேர்க்கிறாள். நாம் அந்த விடுதிக்கு மூட்டை அனுப்புகிறோம். அதற்குப் பதிலாக அவளுடைய மளிகைச் சிட்டைக்கு மாதம் இவ்வளவு என்று நாம் பொறுப்பேற்றால், பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்குமே! எஸ்.ஓ.எஸ். ஸ்தாபனமும் பிற்காலத்தில் கிராமம் கட்டுவதோடு நில்லாமல், பிள்ளை வீட்டைவிட்டு வராமலிருக்க ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், இப்படித் தாயோடோ உறவினரோடோ வளரும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். உங்கள் கடைக்கு வரும் பாட்டி ஒருவர் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு கடன் சொல்லி நின்றால், இந்த விவரத்தைச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனி அந்தக் கசப்பான செய்தி. க்மைனர் 1986இல் காலமானார். நாற்பது வருஷமாக அவரை மகானைப்போல் கொண்டாடினார்கள். 2025 அக்டோபரில் ஆஸ்திரியாவிலுள்ள அவருடைய ஸ்தாபனமே ஒரு விவரத்தை வெளியிட்டது. 1950களிலிருந்து 1980கள் வரை, ஆஸ்திரியாவில் நான்கு இடங்களில், குறைந்தது எட்டுச் சிறுவர்களிடம் க்மைனர் தகாத முறையிலும் வன்முறையாகவும் நடந்துகொண்டார் என்ற புகார்கள் வந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2013 முதல் 2023 வரை இழப்பீடும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பொதுமக்களுக்கு அது தெரிந்தது 2025இல்தான். அதற்கு முந்தைய மாதம் அங்கே சில கிராமங்களில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதாகவும் பத்திரிகைச் செய்திகள் வந்திருந்தன. அந்த நாட்டு உச்சநீதிமன்றத்தின் முன்னாள் தலைவரான அம்மையார் ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. அப்படியானால் இந்தத் திட்டமே பொய்யா என்று என் மகன் கேட்டான். அப்படி நான் நினைக்கவில்லை. முக்கால் நூற்றாண்டாக எத்தனையோ ஆயிரம் பெண்கள் தாயாக இருந்து வளர்த்த பிள்ளைகள் உண்மையான பிள்ளைகள். ஒருவர் செய்த குற்றத்துக்காக அந்த அடுப்புகளை அணைத்துவிட முடியாது. ஆனால் பெரிய மனிதர், தரும காரியம், இவரைப் போய்க் கேட்பதா என்று கணக்குக் கேட்காமல் விட்ட இடம் அது. நம் கடையில் முப்பது வருஷம் இருக்கிற கணக்குப்பிள்ளையானாலும் வருஷம் ஒரு முறை சரக்கு எடுத்து, இருப்புச் சரிபார்க்கிறோமா இல்லையா? அவரைச் சந்தேகப்பட்டா செய்கிறோம்? பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்தச் சரிபார்ப்பு இன்னும் நூறு மடங்கு வேண்டும். மூட்டை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைக்கு நேர்ந்தது தெரியாது.

ஆகவே, எந்த இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் வியாபாரிக்குரிய முறையில் சில கேள்விகள் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் சிறைத் தண்டனையோ ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ உண்டு. அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது நம் உரிமை. தெருவில் கிடைத்த பிள்ளையை யாரும் தாமாக வைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் தங்கள் குறையை வெளியாள் யாரிடமாவது சொல்ல வழி இருக்கிறதா, அதிகாரிகள் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள், பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேளுங்கள். நல்ல நிர்வாகி கோபப்படமாட்டார். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். தவறு கண்ணில் பட்டாலோ ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தாலோ 1098க்குப் பேசலாம். பணம் வேண்டியதில்லை. அப்புறம், இந்தப் பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ பத்திரிகையில் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வடை பாயசத்தோடு எடுக்கிற படத்துக்கும் இது பொருந்தும்.

வரி விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்மவர்கள் என்னை விடமாட்டார்கள். மூட்டையாகக் கொடுக்கும் தருமத்துக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. அதிலும் ரொக்கம் 2000 ரூபாயைத் தாண்டினால் இல்லை, காசோலையாகவோ வங்கி மூலமோ கொடுக்க வேண்டும். புதிய வரித் திட்டத்துக்கு மாறிவிட்டவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. வரி கட்டிய சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அதற்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியும் எடுக்கக் கூடாது. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பதைவிடப் பெரிய உதவி ஒன்று நம் கையில் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்ததும் இல்லத்துப் பிள்ளை வெளியே வர வேண்டும். இருபத்தொரு வயதுவரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அது போய்ச் சேருவதில்லை. உறவுக்காரர் சிபாரிசு இல்லாத, ஊர்ப்பெயர் சொல்லத் தெரியாத பையனை யார் கடையில் வைத்துக்கொள்வார்கள்? கல்லாப் பக்கம் தெரிந்த ஆளைத்தான் வைப்போம் என்பது நம் வழக்கம். அந்தப் பையனுக்கு நம் சங்கமே ஜாமீன் நின்றால் என்ன? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தனித் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வருஷத்துக்கு ஐந்து பேர் என்று தொடங்கினாலும் போதும்.

என்னிடம் சரக்கு எடுக்கும் புறநகர்க் கடைக்காரர் ஒருவர் இப்படி ஒரு பையனை வைத்திருக்கிறார். குழந்தைகள் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன். சென்ற பொங்கலுக்கு முன்தினம் நான் வசூலுக்குப் போயிருந்தபோது கடைப் பையன்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவனும் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். நீ எங்கேப்பா போகிறாய் என்று கேட்டேன். "அம்மா வீட்டுக்கு அண்ணாச்சி. அக்காவும் மாமாவும் குழந்தையோட வர்றாங்க" என்றான். அவனை வளர்த்த தாய் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டாராம். இரண்டு கிலோ வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் முந்திரி தனியாக நிறுத்து வைத்திருந்தான். முதலாளி பணம் வேண்டாம் என்றார். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏலக்காய் மட்டும் பத்து கிராம் போதும், அம்மாவுக்கு அதிகம் போட்டால் பிடிக்காது என்று தராசில் இருந்ததைப் பாதியாகக் குறைத்துப் பொட்டலம் கட்டினான்.